கேசுவாலிட்டியில் கிளினிக்கல் பார்மசிஸ்டுக்கு என்ன வேலை?

கேள்வி ஒரு அப்பாவிடமிருந்து வந்தது: "என் மகள் பார்ம்.டி. மூன்றாம் வருஷம். படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சியில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். அங்கே டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், மருந்து வாங்கக் கீழே மெடிக்கல் இருக்கிறது. இவளுக்கு அங்கே என்ன வேலை?"

நான் அந்த வேலையைத்தான் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். கடைசி ஆறு வருஷம் முழுக்க முழுக்க கேசுவாலிட்டியில். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படிப்பைப் பற்றி. பார்ம்.டி., அதாவது டாக்டர் ஆஃப் பார்மசி, நம் நாட்டில் 2008-ல் வந்தது. ஐந்து வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கு இவ்வளவு வருஷம் தேவையில்லை. அதற்கு டிப்ளமோ இருக்கிறது, அதுவும் பொறுப்பான வேலைதான். இந்த ஆறு வருஷம் நோயாளியின் கட்டிலருகே நிற்பதற்காக. இந்த மருந்து இவருக்கு, இந்த எடைக்கு, இந்தக் கிட்னிக்கு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துவருமா என்று பார்ப்பதற்காக.

வார்டில் ஒரு மருந்து நோயாளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பல பேர் கண்ணில் படுகிறது. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். சிஸ்டர் மருந்து கேட்டு இன்டென்ட் போடுகிறார். பார்மசியில் ஒருவர் பார்த்து எடுக்கிறார். வார்டுக்கு வந்ததும் இன்னொரு சிஸ்டர் சரிபார்த்துக் கொடுக்கிறார். நடுவில் ஒரு தப்பு இருந்தால் யாராவது ஒருவர் பிடித்துவிட வாய்ப்புண்டு. கேசுவாலிட்டியில் இந்த வரிசையே கிடையாது. டாக்டர் வாயால் சொல்கிறார், சிஸ்டர் கிராஷ் கார்ட்டைத் (அவசர மருந்துகள் இருக்கும் தள்ளுவண்டி) திறந்து ஆம்பூலை (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைத்து சிரிஞ்சில் லோடு செய்கிறார், அடுத்த நிமிஷம் அது ரத்தத்தில் இருக்கிறது. எழுத்தெல்லாம் அப்புறம்தான். சொன்ன மருந்துக்கும் ஏறுகிற மருந்துக்கும் நடுவே இருக்கிற அந்த அரை நிமிஷம்தான் உங்கள் மகளுக்கான இடம்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பூச்சி மருந்து உள்ளே போன ஒருவரை 108-ல் கொண்டுவந்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை. வாயில் நுரை, நெஞ்சு முழுக்கச் சளி கொரகொரவென்று, கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, சட்டை வேர்வையில் ஊறிப் போயிருக்கிறது. இதற்கு உயிர் காக்கும் மருந்து அட்ரோபின். டாக்டர், "அட்ரோபின் 3 மில்லிகிராம்" என்றார். நம் ஊரில் கிடைக்கும் ஆம்பூலில் இருப்பது 0.6 மில்லிகிராம். ஆக ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிஷத்தில் நெஞ்சுச் சளி குறையவில்லை என்றால் அடுத்த டோஸ் இரட்டிப்பு: பத்து ஆம்பூல். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இருபது. அன்றைக்கு மூன்றாவது டோஸ் வரை போனது. மொத்தம் முப்பத்தைந்து ஆம்பூல், 21 மில்லிகிராம்.

இதைப் படிக்கும்போது வெறும் பெருக்கல் கணக்கு. அங்கே நிற்கும்போது அப்படி இல்லை. ஒரு சிஸ்டர் உடைக்கிறார், ஒருவர் இழுக்கிறார், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபடியே "எவ்வளவு போச்சு?" என்று கேட்கிறார். இந்த மருந்தையே தினமும் பார்ப்பவர்கள்கூட வழக்கமாக ஒன்று, இரண்டு ஆம்பூல் போட்டுப் பழகியவர்கள். திடீரென்று இருபது என்றால் கை தயங்கும், "சார், இருபதா?" என்று கேட்கத் தோன்றும். அந்தத் தயக்கத்தில் நிமிஷங்கள் போகும். நான் அன்று செய்தது மூன்று வேலை. உடைத்த ஆம்பூல்களைக் கிட்னி வடிவ டிரேயில் ஐந்தைந்தாகப் பிரித்து வைத்து, ஒவ்வொரு டோஸையும் நேரத்தையும் சத்தமாகச் சொல்லி, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினேன். இரண்டாவது டோஸ் போகும்போதே கார்ட்டில் இனிப் போதாது என்று தெரிந்து ஸ்டோருக்கு போன் போட்டேன். மூன்றாவது டோஸ் கேட்டபோது பெட்டி கட்டிலருகே இருந்தது. மூன்றாவது வேலை, நெஞ்சு தெளிந்ததும் அடுத்து என்ன என்று கணக்குப் போட்டு வைத்தேன். ஏறிய மொத்த அளவில் பத்திலிருந்து இருபது சதவீதம் மணிக்கு மணி டிரிப்ஸில் போக வேண்டும். அன்றைய கணக்கில் மணிக்கு 2-லிருந்து 4 மில்லிகிராம்.

முடிந்துவிட்டதா என்றால் இல்லை. அட்ரோபின் அதிகமானாலும் ஆபத்து. காய்ச்சல் ஏறும், ஆள் பிதற்ற ஆரம்பிப்பார், வயிறு அசையாமல் நின்றுவிடும். கண்மணி பெரிதாகும் வரை போட வேண்டும் என்று பழைய பழக்கத்தில் சிலர் சொல்வார்கள். கண் மெதுவாகத்தான் மாறும். பார்க்க வேண்டியது நெஞ்சுச் சத்தம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், அக்குள் காய்ந்திருக்கிறதா என்பது. விடியற்காலை நாலரைக்கு அவர் அக்குளில் கையுறையோடு விரலை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அக்கா, மூச்சு நல்லா இருக்கு, இன்னும் ஐசியுவில பார்க்கணும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த எல்லை முக்கியம், உங்கள் மகளிடம் சொல்லுங்கள். மருந்து எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை. முடிவு டாக்டருடையது, ஊசி போடுவது சிஸ்டருடைய கை. நாம் சொல்ல வேண்டியதைத் தெளிவாக, சுருக்கமாக, உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். "சார், இவர் எடைக்கு இவ்வளவு வருகிறது" என்று ஒரு வரி போதும். பாடம் எடுக்க அது நேரமில்லை.

அடுத்தது, எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி: மாத்திரைப் பை. மஞ்சள் பையோ, ஜவுளிக் கடைப் பையோ, ஏதோ ஒன்றில் வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதி கொண்டுவரவே மாட்டார்கள். டாக்டர் நோயாளியோடு போராடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையைக் கொட்டிப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

வலது கையும் காலும் விழுந்துபோன ஒரு அம்மாவை ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பாராட்ட வேண்டிய வேகம். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. எல்லாம் ஊசிக்குத் தயார். நான் மகனிடம் கேட்டேன், "தம்பி, அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, அப்புறம் ஒரு சின்ன மாத்திரை சார், பேரு தெரியல." பையில் அந்தச் சின்ன மாத்திரை இருந்தது, ஆனால் அட்டையைக் கத்தரித்து வாங்கியிருந்தார்கள். பேர் இருக்கும் பாதி கடையிலேயே நின்றுவிட்டது. மீதியில் இரண்டு எழுத்தும் விலையும் மட்டும். "இந்த மாத்திரைக்காக அடிக்கடி ரத்தம் டெஸ்ட் பண்ணி அளவைக் கூட்டிக் குறைப்பாங்களா?" என்று கேட்டேன். "ஆமா சார், வால்வு ஆபரேஷன் பண்ணதிலருந்து." அசினோகுமரால். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்த்தால் 2.8. 1.7-க்கு மேல் இருந்தால் அந்த ஊசி போடக் கூடாது. போட்டிருந்தால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும் ஆபத்து பல மடங்கு. டாக்டர் உடனே திட்டத்தை மாற்றி, ரத்தக் குழாய் வழியாகவே கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு அனுப்பினார்.

படிக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அட்டையைக் கத்தரித்து வாங்கினால் பேர் இருக்கும் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் பில்லையாவது வைத்திருங்கள்.

கேட்கக் கூச்சப்படும் கேள்விகளும் இருக்கின்றன. நெஞ்சு வலியோடு வரும் ஆண்களுக்கு ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்து கொடுப்பதற்கு முன்னால், ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எடுத்தாரா என்று தெரிந்தாக வேண்டும். சில்டெனாபில் என்றால் 24 மணி நேரம், டடாலாபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். மனைவியும் மருமகளும் சுற்றி நிற்கும்போது கேட்டால் எந்த மனிதர் உண்மை சொல்வார்? "அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க, ஈ.சி.ஜி. எடுக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் காதருகே குனிந்து கேட்பேன். கண்ணை மூடித் தலையை ஆட்டியவர்கள் சிலர் உண்டு.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் கணக்கு எப்படிக் காலை வாரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அல்டிபிளேஸ், பக்கவாதத்துக்குக் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. 60 கிலோ ஆளுக்கு 54. இதில் பத்தில் ஒரு பங்கு, 5.4, ஒரே நிமிஷத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில். வயல், அதாவது மருந்துக் குப்பி, வருவது 50, 20 மில்லிகிராம் என்று. இரண்டையும் கலந்தால் கையில் 70 மில்லிகிராம் இருக்கிறது. கூடுதலாக இருக்கும் 16-ஐ முதலிலேயே எடுத்துக் கொட்டிவிட வேண்டும். "பம்ப்பில் அளவு வைத்திருக்கிறோமே, அது நின்றுவிடும்" என்று விட்டுவைத்தால், பரபரப்பில் யாராவது மிச்சத்தையும் ஓட்டிவிடுவார்கள். விலை உயர்ந்த மருந்து, கொட்ட மனசு வராது. ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

கட்டியைக் கரைக்கும் இன்னொரு ஊசியான டெனெக்டிபிளேஸ் இன்னும் பொல்லாதது. அதே 60 கிலோ ஆளுக்கு மாரடைப்பு என்றால் 35 மில்லிகிராம். பக்கவாதம் என்றால் கிலோவுக்கு 0.25, அதாவது 15. மருந்து ஒன்று, ஆள் ஒருவர், அளவு பாதிக்கும் கீழே. மாரடைப்புக்குப் போட்டுப் பழகிய கை மூளைக்குப் போடும்போது ஒருவர் பக்கத்தில் நின்று "மூளைக்கா, நெஞ்சுக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

எந்த மருந்தை எதில் கலப்பது என்பதும் நம் பொறுப்புதான். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாய்னை நார்மல் சலைனில் (உப்பு நீர்) மட்டுமே கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரை நீர்) கலந்தால் படிகமாகத் திரிந்து குழாயை அடைக்கும். 60 கிலோவுக்கு 1,200 மில்லிகிராம், பன்னிரண்டு ஆம்பூல். நிமிஷத்துக்கு 50-க்கு மேல் போகக் கூடாது என்பதால் குறைந்தது 24 நிமிஷம் ஆகும். அவசரப்பட்டால் இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் வெறும் தண்ணீர் ஆம்பூலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதைக் கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் எங்கள் கார்ட்டில் பொட்டாசியம் வைப்பதே இல்லை, தனிப் பூட்டு. இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும்.

சின்ன விஷயம் எப்படி ஆளைச் சாய்க்கும் என்பதை இன்டர்ன்ஷிப்பில் நேரில் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. கிட்னி பழுதான ஒரு பெரியவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் அளவு கூடியிருந்தது. அதை இறக்க டெக்ஸ்ட்ரோஸோடு 10 யூனிட் இன்சுலின் சொன்னார்கள். நம் நாட்டில் இன்சுலின் வயல் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அன்று ஸ்டோரில் 100 வந்திருந்தது, டிரேயில் சிவப்பு மூடி சிரிஞ்ச் இருந்தது. பத்தாவது கோடு வரை இழுத்தால் உள்ளே போனது 25 யூனிட். நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரிஞ்சைப் பார்த்தேன், வயலைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பெரியவருக்குச் சர்க்கரை 41. உடம்பு சில்லென்று வேர்த்து, கூப்பிட்டால் பேச்சில்லை. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி மீட்டார்கள். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வயலும் சிரிஞ்சும் ஒரே கையில் சேர்ந்து இருந்தால்தான் நான் "சரி" என்று சொல்கிறேன்.

மூச்சுக்குழாய் போடும் நேரத்தில் நம் வேலை பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் மனசாட்சிப்படி பார்த்தால் இதுதான் பெரியது. குழாய் போட இரண்டு மருந்து: ஒன்று மயக்க, மற்றொன்று தசைகளைத் தளர்த்த. எடோமிடேட் போன்ற மயக்க மருந்து சில நிமிஷங்களிலேயே தெளிந்துவிடும். தசையைத் தளர்த்தும் ரோகுரோனியம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தசையை அசைய விடாது. குழாய் நல்லபடியாக உள்ளே போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக நகர்ந்துவிட்டால், அந்த மனிதர் முழு விழிப்போடு, வலியோடு, இமைகூட அசைக்க முடியாமல் கிடப்பார். மானிட்டரில் துடிப்பு ஏறுவதும் கண்ணோரத்தில் நீர் வழிவதும்தான் அடையாளம். அதனால் ரோகுரோனியம் எடுக்கும்போதே அடுத்த மயக்க மருந்தையும் வலி மருந்தையும் சிரிஞ்ச் பம்ப்பில் ஏற்றி வைத்துவிடுவேன். டாக்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் "சார், பென்டனில் ரெடி" என்று சொல்வேன்.

பாம்புக் கடியையும் சொல்லாமல் விட முடியாது. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். ஒவ்வொரு வயலைத் திறக்கும்போதும் எனக்கு அவர்கள் நினைவு வரும். தூளாக வருவதைக் கரைக்க வேண்டும். பதற்றத்தில் குலுக்கினால் நுரை கட்டி மருந்து வீணாகும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். பத்து வயல் உருட்டி முடிக்க நேரமாகும் என்பதால் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுப்பேன். எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி: "குழந்தைக்குப் பாதியா சார்?" இல்லை. பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துக் கக்குவதில்லை. ஆகவே குழந்தைக்கும் அதே பத்து வயல். ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

மற்ற பெரும்பாலான மருந்துகளில் குழந்தைக்கு எடைதான் கணக்கு. பாராசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லியில் 120 அல்லது 250. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டும் என்றால் டிராப்ஸில் ஒன்றரை மில்லி. சிரப் என்று நினைத்து டிராப்ஸை ஐந்து மில்லி ஊற்றினால் 500 போகிறது. ஒரு வேளையோடு நின்றால் தப்பிக்கலாம். நாலு வேளையாக இரண்டு நாள் போனால் கல்லீரல் தாங்காது. வாந்தி என்று வரும் குழந்தையின் அம்மாவிடம் "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டால் போதாது. பாட்டிலையே வாங்கிப் பார்க்க வேண்டும், எதில் அளந்தார் என்று கேட்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் எத்தனை ஆஸ்பத்திரி கேசுவாலிட்டியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் இருக்கிறார்? மிகக் குறைவு. அமெரிக்காவில் 1970-களிலேயே இது ஆரம்பித்துவிட்டது. அங்கத்திய அவசர மருத்துவர்கள் சங்கமே 2015-ல், அவசரப் பிரிவில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் வேண்டும் என்று கொள்கையாக வெளியிட்டது. நம் நாட்டில் அவசர மருத்துவமே 2009-ல்தான் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. இங்கே பல தனியார் ஆஸ்பத்திரிகளில் பார்ம்.டி. படித்தவர்களை எடுப்பது ஆஸ்பத்திரித் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்காக. நேற்று எழுதிய சீட்டுகளை இன்று எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் எழுதினாரா, நேரம் போட்டாரா என்று டிக் அடிக்கும் வேலை. அதுவும் தேவைதான். ஆனால் ஊசி ஏறியபின் தப்பைக் கண்டுபிடித்து அந்த நோயாளிக்கு என்ன பயன்? நான் முதலில் சேர்ந்த இடத்தில் நாலு வருஷம் எனக்கு அதுதான் வேலை. கேசுவாலிட்டி கதவைத் தாண்டிப் போகவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இன்று ராத்திரி டியூட்டி டாக்டர்கள் என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள் என்றால், நான் பேசியதைவிட நான் எழுதி வைத்த அந்த வெள்ளைப் பலகைதான் காரணம்.

ஆகவே, அய்யா, உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் கேட்கிறாள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. இன்டர்ன்ஷிப்பில் கேசுவாலிட்டி போஸ்டிங்கை, முடிந்தால் ராத்திரி ஷிப்டை, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மருந்தால் வரும் பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம் என்பதும், அது எப்படி என்பதும் அவளுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். கிலோவுக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு என்ற கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் போடப் பழகட்டும்.

அப்புறம் ஒன்று, யாரும் சொல்லித் தராதது: ஆம்பூல் உடைக்கப் பழகச் சொல்லுங்கள். கழுத்தில் இருக்கும் புள்ளி தன்னைப் பார்க்கும்படி பிடித்து, காஸ் துணி சுற்றி, தனக்கு எதிர்ப்புறமாக அழுத்தினால் சுத்தமாக உடையும். முப்பத்தைந்து ஆம்பூல் கேட்ட அந்த ராத்திரி இது எனக்குத் தெரியாது. பன்னிரண்டாவதில் கட்டைவிரல் கிழிந்தது, ரத்தம் கையுறைக்குள்ளேயே நின்றதால் காலையில்தான் பார்த்தேன்.